மனு ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது

ஜூன் 12, புதன்

காலையில் குழாயைத் திறந்தால் மறுபடியும் மஞ்சள். பாப்பாவின் யூனிஃபார்ம் சட்டையை நேற்றுத்தான் ஊற வைத்தேன். வெள்ளை போய்ச் சந்தன நிறமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த வாரமே இந்தக் கோலம். "எல்லாரும் புதுச்சட்டை, நான் மட்டும் பழசு மாதிரி போவணுமா?" என்று வெண்மதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், எனக்கு இன்னும் பாப்பா என்றுதான் வாயில் வருகிறது.

போர் போட்டபோது இளநீர் மாதிரி இருந்த தண்ணீர். நகருக்குப் பின்னால் ஓடையில் டேங்கர் லாரிகள் வந்து எதையோ திறந்துவிட்டுப் போக ஆரம்பித்த பிறகுதான் இப்படி. எந்தக் கம்பெனி லாரி என்று இந்தக் கடலூர் மல்லிகை நகரில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சங்கத் தலைவர் பொன்னுரங்கம் மாமா ரிட்டயர்டு கண்டக்டர். பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, கையெழுத்துக் கேட்டால் மட்டும் கட்டிக்கொள்ளும். சரி, போங்கடா என்று ஏப்ரலில் நானே ஆன்லைனில் மனு போட்டேன்.

மனுவை விசாரிக்க இன்று அரசாங்க ஆபீசிலிருந்து ஆள் வந்தார். பெயர் சிங்காரம், கள உதவியாளர், சிதம்பரத்துக்காரர். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிப் போனை எடுத்தார்.

"கொஞ்சம் லெப்ட்ல நில்லுங்கம்மா. டோர் நம்பர் விழட்டும்."

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

"ஸ்டாம்போட போட்டோ போட்டாத்தான் நான் வந்ததா ஒத்துக்குவாங்க. இல்லன்னா வெய்யில்ல சுத்துனதெல்லாம் வேஸ்ட்டு."

படத்தைக் காட்டினார். அடியில் மேப், தேதி, நேரம், எங்கள் தெரு, அவர் பெயர் எல்லாம் தானாகவே அச்சாகியிருந்தது. நான் கையில் மஞ்சள் தண்ணீர் பாட்டிலோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். தலையையாவது வாரியிருக்கலாம். டீ கொடுத்தேன். கேன் தண்ணீரில் போட்டது என்று சொன்ன பிறகுதான் வாயில் வைத்தார்.

ஜூன் 18, செவ்வாய்

போனில் மெசேஜ். "தங்கள் மனு ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது." எதை ஏற்றார்கள், எதை முடித்தார்கள்? குழாயில் இன்றைக்கும் மஞ்சள்தான்.

ஜூன் 20, வியாழன்

மத்தியானம் சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கூட்டமில்லை. மெசேஜில் இருந்த லிங்கைத் திறந்தேன்.

பாஸ்வேர்டு கிடையாது, ஓடிபி கிடையாது. மனு எண் இருந்தால் போதும், திறக்கிறது. "மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார்" என்று ஒரு வரி, கீழே என் போட்டோ. அதற்கும் கீழே என் பெயர், வீட்டுக்காரர் பெயர், கதவு எண், போன் நம்பர், வகுப்பு — ஆதிதிராவிடர். அப்புறம் நான் எழுதிய மனு முழுசும்.

மனு என்றால் எப்படி எழுதுவோம்? கண்ணீரும் கம்பலையுமாகத்தானே எழுதுவோம். கல்லும் கரைய வேண்டுமே. "என் கணவர் சேரன் மஸ்கட்டில் வேலை செய்து வருகிறார். ஆண் துணையின்றிப் பெண் குழந்தையுடன் தனித்து வாழ்ந்து வருகிறேன். கருணை கூர்ந்து..." நானேதான் எழுதினேன். ஒரு அதிகாரி படிப்பார், ஐயோ பாவம் என்று நினைப்பார் என்று எழுதினேன். இப்போது அது ஊருக்குப் பொதுவாகக் கிடக்கிறது.

மனு எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண். புருஷன் அடிக்கிறான், அண்ணன் வீட்டில் ஒளிந்திருக்கிறேன் என்று அண்ணன் வீட்டு முகவரியோடு. சட்டென்று மூடிவிட்டேன். குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்துவிட்ட கூச்சம்.

ஆபீசுக்குப் போன் போட்டேன். பக்கத்தை எடுக்கச் சொன்னால், அது சென்னையில் பண்ணுவதாம். சரி, தண்ணீர் ரிசல்ட்டையாவது சொல்லுங்கள் என்றேன்.

"ரிசல்ட் வந்திடுச்சும்மா. ஆனா அது கான்ஃபிடென்ஷியல்."

"என் வீட்டுக் கொழாத் தண்ணி சார் அது!"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு மேல் உத்தரவும்மா. வெக்கட்டா?"

இங்கே லேபில் ரசீது இல்லாமல் வந்தால், கட்டிய புருஷனுக்கே பெண்டாட்டி ரிப்போர்ட்டைத் தர மாட்டேன். ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவு பெரிய கவர்மெண்டுக்குத் தெரியவில்லை. அவர்கள் ரகசியம் பீரோவில் இருக்கிறது, என் வீடு தெருவில் நிற்கிறது.

ஜூன் 24, திங்கள்

பொன்னுரங்கம் மாமா நகர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த லிங்கையே போட்டிருக்கிறார். "நமக்காகத் தனி ஆளாகப் போராடும் சகோதரி இலக்கியாவுக்கு வாழ்த்துகள்." கூடவே கைதட்டுகிற பொம்மைகள். மனு எண் மெசேஜை நான்தான் ஆதாரம் என்று அவருக்கு அனுப்பியிருந்தேன். பாராட்டுகிறாராம். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன் இல்லை, புதன்

நாளே குழம்பிவிட்டது.

எதிர்வீட்டு ஞானாம்பாள் அக்கா இரண்டு நாளாகக் கதவை ஒருக்களித்தே வைத்திருக்கிறார். இன்று மீன் குழம்பு கொண்டு போனேன். பரங்கிப்பேட்டை மீன், அக்காவுக்கு உயிர். "இன்னைக்கு நாங்க சுத்தம் இலக்கியா" என்றார். உள்ளேயிருந்து கருவாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

இந்த நகருக்கு வந்தபோது யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எந்த ஊர் என்றால் சேத்தியாத்தோப்பு பக்கம் என்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம். மறைத்தோமா? மறைக்கவில்லை. எங்களுடையது, எங்களிடம் இருந்தது. அவ்வளவுதான். இப்போது மொத்தத் தெருவும் படித்துவிட்டது. குழம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த அந்த நாலு எட்டு இருக்கிறதே — சீ. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், பாப்பா முன்னாடி அழுதேன்.

ஜூன் 28, வெள்ளி

சிதம்பரத்தில் பஸ் இறங்கும்போது போன். புது நம்பர். ஆண் குரல், ரொம்ப மரியாதையாக.

"மேடம், சாம்பக் கலர் கேட்டு. ஓரத்துல முருங்க மரம். வீடு நல்லா கட்டியிருக்கீங்க."

"யாரு நீங்க?"

"சும்மாத்தான் மேடம். தண்ணி வருதா?"

வைத்துவிட்டான். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. அந்த மரியாதைதான் பயமுறுத்தியது.

ஜூலை 1, திங்கள்

தினமும் பார்சல். நான் ஆர்டர் பண்ணாத பார்சல், என் பெயருக்கு, வந்த பிறகு காசு கொடுக்கச் சொல்லி. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் டெலிவரிக்கு வந்த பையன் என்னையே முறைக்கிறான். "ஏங்க்கா, போட்டுட்டு எடுக்கலன்னா எங்க பொழப்பு இன்னாக்கா ஆவறது?" அவன் கேட்பதும் நியாயம்தான். கேட் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜூலை 3, புதன்

இதை எழுதவே கை வரவில்லை. எழுதாமல் விட்டால் தலைக்குள்ளேயே சுற்றும்.

லீவு போட்டிருந்தேன். நல்ல வெயில். பாப்பா பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. பார்சல் என்று நினைத்துத் திட்டுவதற்குத் தயாராகத்தான் போனேன். வேனுக்குள் ஃப்ரீசர் பாக்ஸ். பிணம் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. பின்னாலேயே ஒரு டெம்போவில் பந்தல் சாமானும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்.

வேன்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாடி எந்த ரூம்லம்மா இருக்குது? கரண்டு பாயிண்ட் பாக்கணும்" என்றார்.

"யாரு செத்தா?"

அவர் போனைப் பார்த்துப் படித்தார். "இலக்கியாங்கறவங்க. வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காரு, அவரு வந்து சேர்ற வரைக்கும் வெக்கணும், பெரிய பொட்டியா கொண்டாங்கன்னாங்க. நீங்க அவுங்களுக்கு இன்னா ஒறவும்மா?"

நான்தான் இலக்கியா என்று சொன்னேன். சொன்னேனா, வாய் மட்டும் அசைந்ததா தெரியவில்லை. அந்த மனுஷன் முகம் செத்துப்போனது. "ஐயோ தாயே, மன்னிச்சுக்கம்மா, எவனோ வெளாடிட்டாங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டெம்போக்காரர் அதற்குள் இரண்டு நாற்காலியை இறக்கிவிட்டிருந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஞானாம்பாள் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

மஸ்கட். அவர் வரும் வரைக்கும். இதெல்லாம் நான் கருணை கூர்ந்து என்று எழுதிய வரிகள்.

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அந்தப் பெட்டிக் கண்ணாடியைத்தான் சொல்கிறேன். எதற்காக அதைப் பார்த்தேன்?

ஜூலை 4, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். உங்கள் கவர்மெண்ட் பக்கத்தில்தான் என்றேன். "கவர்மெண்டு சைட்டுல இருக்கறத நாங்க எப்பிடிம்மா எடுக்கறது? பப்ளிக்கா இருந்தா யாரு வேணா பாப்பாங்க." மனுவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆன்லைனில் போடுங்கள் என்றார்கள். சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், அந்த ஏட்டம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

அவரிடம் சொன்னேன். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் முகத்தைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "வாபஸ் வாங்கிடு இலக்கியா. வீட்டப் பூட்டிட்டு எங்கனா போயிடுங்க."

"எதுக்குப் போவணும்? நீங்க வெய்யில்ல வெந்து கட்டுன வீடு. நான் திருடுனேனா?"

"நீ செத்துட்டேன்னு எனக்கும் மெசேஜ் வந்துச்சுடி" என்றார்.

ஆனாலும் போக மாட்டேன். இந்த வீட்டில் இருக்க வேண்டும், நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும். இதைத் தவிர நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆனித் திருமஞ்சனம். சிதம்பரத்தில் நடக்கவே இடமில்லை. முன்பெல்லாம் இந்தக் கூட்டம் பிடிக்கும். இன்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். இவனா? பின்னால் வருகிறானே, இவனா?

லேபில் ஒரு ஆள் ரத்தம் கொடுத்துவிட்டு, "நீங்க கடலூரு மல்லிகை நகர் தான?" என்றான். கையிலிருந்த ரிப்போர்ட் எல்லாம் கீழே கொட்டிவிட்டது. அவன் சித்தப்பா வீடு அங்கே இருக்கிறதாம், பஸ்ஸில் பார்த்திருக்கிறானாம். பாவம், அவனே குனிந்து பொறுக்கிக் கொடுத்தான்.

நானும்தான் கவுண்டரில் எல்லோர் காதிலும் விழும்படி பேர், வயசு, போன் நம்பர் என்று கத்திக் கேட்கிறேன். இன்றிலிருந்து துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். எழுதியதைப் பதிந்ததும் கிழித்துவிடுகிறேன். டாக்டர், "இது இன்னா புதுசா?" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

வந்துவிட்டது! வந்துவிட்டது!

காலையில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போட்டோ. மல்லிகை நகர் நிலத்தடி நீர், ஆய்வு அறிக்கை. தோல் நோய், சிறுநீரகம் என்று என்னென்னவோ எழுதி, முடிவில் கொட்டை எழுத்தில்: குடிக்கவோ சமைக்கவோ உகந்ததல்ல. மூலையில் "வெளியிடத்தக்கதல்ல" என்று ஒரு முத்திரை. தெரிந்தே மறைத்திருக்கிறார்கள், பாவிகள். பாப்பா இந்தத் தண்ணீரில்தானே பல் துலக்குகிறாள்!

பொன்னுரங்கம் மாமாவுக்கு உடனே அனுப்பினேன். "இப்பவாச்சும் வாயத் தொறங்க மாமா." திறந்தார். குரூப்பில் போட்டார், பத்திரிகைக்காரருக்குப் போட்டார், தன்னோடு வேலை பார்த்த கண்டக்டர்கள் அத்தனை பேருக்கும் போட்டார். பஸ் ஏறுவதற்குள் எனக்கே பத்துப் பக்கமிருந்து திரும்பி வந்தது.

ஆலப்பாக்கம் தாண்டும்போது இன்னொரு தடவை படிக்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். அடியில் மேப். தேதி. நேரம். சிதம்பரத்தில் ஒரு தெருப் பெயர். அதற்குப் பக்கத்தில் — சிங்காரம், கள உதவியாளர்.

அட கடவுளே. வீட்டில் வைத்து எடுத்திருக்கிறார். புது நம்பரெல்லாம் வாங்கி யாருக்கும் தெரியாமல் அனுப்பிய மனுஷன், போட்டோவை மட்டும் பழக்கதோஷத்தில் அதே ஆப்பில் எடுத்துவிட்டார்.

மாமாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அழிங்க மாமா, கால்ல விழறேன், அழிங்க!"

"ஏம்மா, ஊரே பாக்குது, இப்பப் போயி அழிக்கச் சொல்றியே?"

நான் பண்ணிவிட்டேன். எனக்குச் செய்ததை நானே இன்னொருத்தருக்குச் செய்துவிட்டேன். கீழே பார்க்கவில்லை. படிக்கிற அவசரத்தில் கீழே பார்க்கவில்லை. அவர்களும் இதைத்தானே சொல்வார்கள்?

ஜூலை 20, சனி

அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை 25, வியாழன்

நகருக்குத் தண்ணீர் லாரி வருகிறது. ஓடைப் பக்கம் டேங்கர்கள் வரவில்லை. பொன்னுரங்கம் மாமா மாலை போட வந்தார். மாலையைப் பார்த்ததும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது, வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பார்.

ஆபீசிலிருந்து அறிக்கை விட்டிருக்கிறார்கள்: தண்ணீர் பற்றிப் பரவும் படம் வதந்தி. கூடவே, ஆவணத்தைக் கசியவிட்டவர் மீது நடவடிக்கை. வதந்தி என்றால் எதைக் கசியவிட்டார்களாம்? பாப்பாவே கேட்கிறாள் இதை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடலூரில் விசாரணை. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

உள்ளே போனபோது சிங்காரம் சுவர் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சஸ்பெண்ட் செய்யவில்லை, வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களாம். இன்னும் நிரந்தரமாகாத வேலை, அதற்கு அந்த ஒரு வார்த்தையே போதும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார். அந்தப் படத்தைக் காட்டி, "ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. இவர்தான் அனுப்பினார்னு. உங்க மனுப் பக்கத்த இன்னைக்கு சாயந்திரமே எடுக்கச் சொல்றேன். ஸ்டேஷனுக்கும் நானே பேசறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்றார்.

எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தப் பக்கம் போய்விட்டால் போதும், கேட் சத்தத்துக்குப் பயப்படாமல் ஒரு வாய் சோறு தின்னலாம். பேனாவைக் கையில்கூட வாங்கிவிட்டேன். சிங்காரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்து கெஞ்சியிருந்தால் ஒருவேளை எரிச்சலில் எழுதியிருப்பேனோ என்னவோ.

"யார் அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

"பேர் கீழயே இருக்கேம்மா. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"அந்த ஆப்ல யார் பேர வேணா போட்டுக்கலாம் சார். என் பேருல ஃப்ரீசர் பாக்ஸே வந்துச்சு. அதுக்காக நான் செத்தா போயிட்டேன்?"

அதிகாரி பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அப்ப உங்க விஷயத்துல நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்தக் குரலும் ரொம்ப மரியாதையாகத்தான் இருந்தது.

வெளியே டீக்கடைப் பக்கம் நின்றேன். சிங்காரம் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். நான் கடக்கப் போனதும் கையைக் காட்டித் தடுத்தார். "கிட்ட வராதீங்கம்மா. யாராச்சும் போட்டோ எடுப்பாங்க."

"என்ன மன்னிச்சிடுங்கண்ணா, நான் கீழ பாக்கல" என்றேன், இங்கிருந்தே.

"நானே பாக்கலியேம்மா. தெனம் எடுக்கற கை." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "உங்க வூட்டுக்குப் பொட்டி வந்ததக் கேட்டதிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. அதான் அனுப்புனேன்" என்றார். நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது. அது போனபோது அவரைக் காணவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பக்கம் அப்படியே இருக்கிறது. திறந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஒரே ஒரு மெசேஜ். "பாப்பா ட்யூஷன் முடிஞ்சு சைக்கிள்ல தனியாத்தான் வருது போல."

பாப்பா என்று எழுதியிருக்கிறான். வெண்மதி என்று எழுதவில்லை. நான் கூப்பிடுவது அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கிருந்து கேட்டான்? கேட்டுக்கு வெளியே நின்றா? தெருவில் யாராவது சொன்னார்களா?

ட்யூஷனுக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். "இன்னாம்மா இப்பிடி வந்து நிக்கற?" என்றாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அவளும் சிரித்தாள், அப்புறம் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் தோற்றுவிட்டேன். என்னைப் பெட்டியில் வைக்க வந்தபோதுகூடப் போக மாட்டேன் என்றேன். இது வேறு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீடு மாறிவிட்டோம். சிதம்பரத்தில்தான், மாடி போர்ஷன். தெருப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன்.

சாமான் ஏற்றும்போது லாரிக்காரர் எந்த ஊருக்கு என்று சத்தமாகக் கேட்டார். ஏறுங்கள், வழியில் சொல்கிறேன் என்றேன். வேறு சிம். பாப்பாவுக்கு வேறு பள்ளிக்கூடம். வீட்டுக்காரம்மா ஆதார் ஜெராக்ஸ் கேட்டபோது உடனே நீட்டவில்லை. "எங்க வெப்பீங்க இத?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சாமி படத்துக்குப் பின்னாடிம்மா" என்றார். சரி, அது நல்ல இடம்தான்.

அவர் மஸ்கட்டிலிருந்து, "வீட்டப் பூட்டறப்ப இன்னா தோணுச்சு?" என்று கேட்டார். ஒன்றும் தோணவில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

லேபில் காதில் விழுந்தது. சிங்காரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்ததாம், விருத்தாசலம் பக்கம் மாற்றிவிட்டார்களாம். "பேர யார் வேணா போட்டிருக்கலாம்னு ஃபைல க்ளோஸ் பண்ணிட்டாங்க" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள். நான் சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டேன். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாடிப்படியில் காலடிச் சத்தம். பாப்பா டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே அணைக்கிறாள். பால்காரர்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

லேபில் ஞானாம்பாள் அக்கா. சுகர் டெஸ்ட்டுக்கு வந்திருக்கிறார். கடலூரில் இல்லாத லேபா? என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்.

இளைத்துவிட்டார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "இலக்கியா, நல்லாயிருக்கியா? சொல்லாம கொள்ளாம போயிட்டியே" என்றார். சீட்டைக் கொடுத்து, பேரும் வயசும் எழுதுங்கக்கா என்றேன்.

எழுதவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். "நம்ம தெருத் தண்ணி. புது பைப் லைன் போட்டுட்டாங்க. கண்ணாடி மாதிரி வருது. உன்னாலதான்னு எல்லாருக்கும் தெரியும். குடிச்சுப் பாரு."

பாதி குடித்த பாட்டில், அவர் வாய் வைத்துக் குடிப்பது. அதை என்னிடம் நீட்டினார். நானும் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே குடித்தேன். நல்ல தண்ணீர், ஒரு ருசியும் இல்லாமல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"ஒரு நாளைக்கு வந்து பாப்பாவப் பாத்துட்டுப் போறேன். அதுக்குப் புடிச்ச அதிரசம் சுட்டு எடுத்தாரேன். எங்க இருக்கீங்க இப்ப?"

சொல்ல வாய் வந்தது. அக்காவை நான் சந்தேகப்படவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அக்கா மருமகளிடம் சொல்வார், மருமகள் குரூப்பில் போடுவாள், நல்ல எண்ணத்தில்தான் போடுவாள்.

"வெளியூர்லக்கா" என்றேன்.

"எந்த ஊருடி?"

"தூரம்க்கா. ரொம்ப தூரம்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறேன் என்று படியிறங்கிப் போனார்.

லேப் வாசலில் நின்று கூப்பிட்டால் எங்கள் மாடிக்குக் கேட்கும்.